நவம்பரில வெனிஸ், நாலு இரவு: கெனன் 200டி கமராவோட என்னத்தைக் கொண்டுபோறது, எப்ப எங்க நிக்கிறது?

உவர்மலைத் தம்பி:

வணக்கம். நவம்பர் 18 பின்னேரம் வெனிஸில இறங்கி 22 காலமை மிலானுக்குத் திரும்பவேணும். முழுசாக் கிடைக்கிறது மூண்டு பகல்தான். கையில இருக்கிறது கெனன் 200டி, 18-55, 55-250, 50 எம்எம் 1.8, ஒரு இலகுவான முக்காலி, வெளிச்சத்தைக் குறைக்கிற 6 ஸ்டொப் என்டி ஃபில்டர், பளபளப்பை வெட்டுற ஒரு போலரைசர். கைப்பை ஏழு கிலோவுக்கு மேல போகக்கூடாது, அதால எல்லாத்தையும் காவ ஏலாது.

நெட்டில தேடினா "படம் எடுக்க 25 இடம்" எண்டுதான் வருது. எந்த நேரம் எந்தப் பக்கத்தால வெளிச்சம் விழும் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. ஒடுங்கின வாய்க்கால் படங்களில ஒண்டில் வானம் வெள்ளையா வெந்துபோகுது, இல்லாட்டித் தண்ணி கரியாக் கிடக்கு. அதுக்கு என்ன வழி? நவம்பரில சான் மார்க்கோ சதுக்கத்துக்குள்ள தண்ணி ஏறும் எண்டுறாங்கள், அது படத்துக்கு நல்லமா, கரைச்சலா? இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. இங்க திருமலையிலேயே (திருகோணமலை) கையைப் பழக்கிறதெண்டா எங்க போகலாம்?

பாலையூற்று அக்கா:

தம்பி, இடத்தை விடுங்கோ, முதல்ல மணிக்கூட்டைப் பாப்பம். நவம்பர் 20 அளவில வெனிஸில சூரியன் கிளம்பிறது காலமை 7.15 போல, விழுறது பின்னேரம் 4.35 போல. அதாவது வெளிச்சம் ஒன்பதேகால் மணித்தியாலம்தான். உச்சிப் பொழுதிலகூட சூரியன் 25 பாகைக்கு மேல ஏறாது. அதே நாள் திருமலையில உச்சி வெயில் 60 பாகையைத் தாண்டி நிக்கும். இந்த ஒரு கணக்கிலயே உங்கட வாய்க்கால் கேள்விக்குப் பாதி மறுமொழி கிடக்கு.

25 பாகையில வாற வெயில் நாலு மாடி வீட்டுக்கு நடுவில இருக்கிற மூண்டு மீற்றர் வாய்க்காலுக்குள்ள இறங்கவே இறங்காது. மேல்மாடிச் சுவரில மட்டும் அடிக்கும். சுவருக்கும் தண்ணிக்கும் நாலைஞ்சு ஸ்டொப் வித்தியாசம் (ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் ரெண்டு மடங்கு), அதுக்கு மேல வானம். எல்லாத்தையும் ஒரு படத்துக்குள்ள அடக்கப் போனா எந்த அளவில எடுத்தாலும் ஒண்டு கெடும். அதால வானத்தை வெட்டுங்கோ. வெயில் பட்ட சுவரையும் வெட்டுங்கோ. பாலத்தில நிண்டு கமராவைக் கீழ சரிச்சு, அந்தச் சுவரின்ர விம்பம் தண்ணியில விழுறதை மட்டும் எடுங்கோ. தண்ணியில தெரியிற சுவர் உண்மைச் சுவரை விட ஒண்டு ரெண்டு ஸ்டொப் இருட்டு. நிழலில கிடக்கிற கல்லுக்கும் அதுக்கும் அப்ப கிட்டத்தட்டச் சரிவரும். காவியும் மஞ்சளும் தண்ணிக்குள்ள உருகி ஓடுற மாதிரி வாற படங்கள் எல்லாம் இப்பிடி எடுத்ததுதான்.

ஒரு வள்ளம் போன உடன எடுக்காதேங்கோ, தண்ணி துண்டு துண்டா உடைஞ்சு கிடக்கும். முழுசா அடங்கும் வரைக்கும் நிக்கவும் தேவையில்லை. நடுவில ஒரு நிமிசம், அலை நீண்டு படுத்து வரேக்க, 1/60 இல் இருந்து 1/125 வரைக்கும் வைச்சுப் பத்துப் படம் அடியுங்கோ. 1/4க்குப் போனா கோடுகள் கூழாப் போயிடும்.

அந்திப் பொழுது இங்க மாதிரி இல்லை. திருமலையில சூரியன் கிட்டத்தட்ட நேர விழுறதால 20 நிமிசத்தில இருட்டு. அங்க சரிஞ்சு விழும். அரை மணித்தியாலத்துக்கு மேல இழுக்கும். இங்க மூண்டு நிமிசத்துக்கு ஒரு ஸ்டொப் இறங்குதெண்டா அங்க நாலரை நிமிசத்துக்கு ஒண்டு. 4.55க்கும் 5.15க்கும் இடையில வான நீலமும் விளக்கு வெளிச்சமும் ஒரே அளவுக்கு வரும். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, ரெண்டு செக்கனில தொடங்கி நேரம் போகப் போகக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீள எக்ஸ்போஷருக்கான நொய்ஸ் குறைப்பை மெனுவில நிப்பாட்டி வையுங்கோ. 15 செக்கன் எடுத்தா அது இன்னொரு 15 செக்கன் கமராவைப் பூட்டி வைக்கும். இருக்கிற இருபது நிமிசத்தில பாதி அதிலேயே போயிடும்.

இனி இடம். பெரிய கால்வாய்க்கு மேல இருக்கிற அக்கடேமியா பாலத்தில நிண்டு சாலூட்டே எண்ட மாதா கோயிலைப் பாக்கிற காட்சி கிழக்கும் தென்கிழக்குமா இருக்கு. நவம்பர் 20இல சூரியன் அந்தக் கோயிலின்ர கும்பக் கூரைக்குக் கொஞ்சம் வலப்பக்கத்தால வரும். காலமை போனா நிழலுருப் படம். வெள்ளைக் கல்லில பொன் வெளிச்சம் வேணுமெண்டா பின்னேரம் 3.30க்குப் போய் நில்லுங்கோ, வெயில் உங்கட வலத்தோளுக்குப் பின்னால இருந்து வரும். சான் மார்க்கோ முன்கரையில கட்டிக் கிடக்கிற கொண்டோலாவையும் அங்கால சான் ஜோர்ஜோ தீவையும் சேத்து எடுக்கிறது விடியற்காலை வேலை, 6.40க்கு அங்க நிக்கவேணும். சான் ஜோர்ஜோ மணிக்கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கு. அதில ஏறினா நகரத்தை வடக்குப் பக்கமாப் பாப்பீங்கள், நவம்பர் வெயில் நாள் முழுக்க முதுகுப் பக்கம்தான். பகல் பன்னிரண்டு மணிக்கும் உருப்படியாப் படம் எடுக்கக்கூடிய ஒரே இடம் எண்டுகூடச் சொல்லலாம். சதுக்கத்துக் கோபுரத்தில ஏறினா அந்தக் கோபுரமே படத்தில இல்லாமப் போகும், அதால சான் ஜோர்ஜோதான் என்ர தெரிவு.

சல்லிக்காரன்:

அக்கா சொன்ன நேரக் கணக்கு சரி. லென்ஸைப் பற்றி நான் சொல்கிறேன். 55-250ஐ வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வெனிஸ் ஒடுக்கமான ஊர். 18-55 உம் 50 எம்எம் உம் காணும். பாலங்கள் மட்டும் நானூறுக்கு மேல், ஒவ்வொன்றிலும் படி. பாரம் முதல் நாளே முழங்காலில் தெரியும்.

வாப்பொரெத்தோ என்கிற பயணிகள் படகுதான் அங்கே பஸ். 1ஆம் இலக்கப் படகு பெரிய கால்வாயில் ஏறக்குறைய எல்லாத் துறையிலும் நின்று நின்று போகும், சான் மார்க்கோ வரை முக்கால் மணித்தியாலம். 2ஆம் இலக்கம் வேகமானது, படம் எடுக்க உதவாது. 2024இல் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணித்தியாலம் 25, 48க்கு 35, 72க்கு 45. உங்களுக்கு 72 மணித்தியால டிக்கெட்தான் பொருத்தம். முதல் தடவை பொறியில் காட்டுகிற நேரத்திலிருந்துதான் மணி ஓடத் தொடங்கும், ஆகவே 18ஆம் திகதி இரவு நடந்து போக முடிந்தால் நடந்துவிட்டு 19 காலை தொடங்குங்கள்.

படகுக்குள் எடுக்கிறவர்கள் விடுகிற பிழை ஒன்றுதான்: முழங்கையைக் கம்பியில் ஊன்றுவது. எஞ்சின் அதிர்வு கம்பி வழியாக நேரே கமராவுக்குப் போகும். லென்ஸில் இருக்கும் ஐஎஸ் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், அந்த நுணுக்கமான அதிர்வைப் பிடிக்காது. எங்கேயும் சாயாமல், கால் இரண்டையும் அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். வேகம் 1/500. மங்கல் என்றால் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள், வேகத்தை 1/250க்குக் கீழே விடவேண்டாம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகிற வள்ளத்தில் இதையே பழகலாம், அவுட்போர்ட் எஞ்சின் அதைவிடப் பொல்லாதது.

அதேபோல் வாப்பொரெத்தோ துறைகள் தண்ணீரில் மிதக்கிற மேடைகள். அதில் முக்காலி வைத்து எடுத்த படம் ஒன்றும் கூர்மையாக வராது, எவ்வளவு விலைகூடிய முக்காலி என்றாலும். முக்காலியைக் கல் கரையில் மட்டும் வையுங்கள்.

கொண்டோலா: கூலி ஆளுக்கு அல்ல, படகுக்கு. பகலில் அரை மணித்தியாலம் 90 யூரோ, இரவு 110, ஐந்து பேர் வரை ஏறலாம். படம் எடுக்கிறவனுக்கு அது வீண் செலவு. ஏறியிருந்தால் கொண்டோலாவைப் படம் எடுக்க முடியாதே. பெரிய கால்வாயைக் குறுக்கே கடத்திவிடுகிற 'திரகெத்தோ' என்ற தோணி 2 யூரோ, ஓரிரு நிமிடம். கால்வாய் நடுவிலிருந்து தண்ணீர் மட்டத்தில் இரண்டு மூன்று படம் எடுக்க அது காணும்.

படகோட்டியைப் பாலத்தில் நின்று எடுக்கிறீர்கள் என்றால், அவர் படகின் பின்முனையில் நின்று முன்பக்கம் பார்த்தபடி வலப்பக்கத்தில்தான் துடுப்புப் போடுவார். எனவே படகு உங்களை நோக்கி வருகிற பக்கம் நில்லுங்கள். வாய்க்கால் மூலை ஒன்றில் முன்கூட்டியே ஃபோகஸ் பிடித்து, மனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டுக் காத்திருங்கள். பாலத்துக்குக் கீழே நுழைய அவர் குனிகிற கணம் ஒரு செக்கன்தான். கறுப்புப் படகைக் கமராவின் மீட்டர் சாம்பலாக்கப் பார்க்கும், வெள்ளைக் கல் எல்லாம் எரிந்துபோகும். எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை மைனஸ் 2/3இல் வைத்து, ரோ (RAW) கோப்பாக எடுங்கள்.

ட்ரோனைக் கையிலும் எடுக்கவேண்டாம். வெனிஸ் பழைய நகரத்துக்கு மேல் பறக்கவிடத் தடை.

நிலாவெளி:

தண்ணி ஏறுற விசயம். நவம்பர்தான் அதுக்கு முக்கிய மாசம். 2019 நவம்பர் 12இல 187 சென்ரிமீற்றர் ஏறி ஊரே முங்கினது. அதுக்குப் பிறகு, 2020 ஒக்டோபரில இருந்து, குடாவின்ர வாயில மோசே எண்ட மிதக்கிற கதவுகள் வேலை செய்யுது. 110க்கு மேல ஏறும் எண்டு முன்னறிவிப்பு வந்தா அதைத் தூக்கி மூடுவினம். அதால பழைய படங்களில இருக்கிற இடுப்பளவு தண்ணியைத் தேடிப் போகாதேங்கோ.

ஆனா சான் மார்க்கோ சதுக்கம்தான் ஊரில ஆகப் பள்ளமான இடங்களில ஒண்டு. 80, 85 தாண்டினாலே கீழ்க் கான் வழியா தண்ணி கல்லுக்கு மேல கசிஞ்சு வரும். 85க்கும் 105க்கும் இடையில நிக்கிற நாள்தான் படத்துக்கு அருமை: கணுக்கால் அளவு தண்ணி, கதவு மூடேல்லை, சான் மார்க்கோ தேவாலய முகப்பு முழுசாத் தலைகீழாத் தெரியும். மாநகர வற்றுப்பெருக்கு நிலையம் ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கோட முன்னறிவிப்புப் போடும். அதில உச்சம் எத்தனை மணிக்கு எண்டு பாத்து ஒரு மணித்தியாலம் முந்திப் போங்கோ. ஏறேக்கையும் இறங்கேக்கையும் சின்னச் சின்னக் குட்டைதான், அதுவே போதும். கமராவைத் தண்ணிக்கு ஒரு சாண் மேல வைச்சு, 200டியின்ர ஸ்கிரீனைத் திருப்பி மேல இருந்து பாருங்கோ. குட்டை ஒரு பாய் அளவு இருந்தாலே முகப்பு முழுசா விழும்.

அது உப்புத் தண்ணி, ஞாபகம் வையுங்கோ. முக்காலியை விரிக்கேக்க வழமையா மேல் துண்டைத்தானே முதல்ல இழுப்பம், அங்க மாத்திச் செய்யவேணும்: ஆகக் கீழ இருக்கிற மெல்லிய துண்டை முதல்ல முழுசா இழுங்கோ. அப்பதான் பூட்டு தண்ணிக்கு மேல நிக்கும். பூட்டுக்குள்ள உப்பு போனா ரெண்டு கிழமையில இறுகிடும். அறைக்கு வந்து நல்ல தண்ணியில கழுவி, விரிச்சபடியே காயவிடுங்கோ. டச் பே மணலில முக்காலி வைக்கிற எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை, ஆனா ஊருலா போனா எல்லாரும் மறந்துபோறது இதைத்தான்.

இன்னொண்டு. வாய்க்காலுக்குள்ள இறங்குற கல்படி எல்லா இடமும் இருக்கும். தண்ணி வத்தியிருக்கேக்க கீழ் ரெண்டு மூண்டு படியில பச்சைப் பாசி தெரியும். அதில காலை வைச்சா நேர உள்ளுக்குத்தான். காய்ஞ்ச வெள்ளைப் படியோட நில்லுங்கோ. பாசி வரி தெரியிற நேரம் படமும் அவ்வளவு வடிவா வராது, சுவரெல்லாம் கறுத்துக் கிடக்கும். தண்ணி நிறைஞ்ச நேரம் பாத்துச் சின்ன வாய்க்காலுக்குப் போங்கோ, வத்தின நேரம் சந்தைக்கும் ஒழுங்கைக்கும் போங்கோ.

சல்லிக்காரன் அண்ணா, 55-250 விசயத்தில உங்களோட ஒத்துவர மாட்டன். சான் ஜோர்ஜோ கோபுரத்தில இருந்து சான் மார்க்கோவுக்கு அரைக் கிலோமீற்றருக்கு மேல. 55இல எடுத்தா ஊர் ஒரு நாடா மாதிரித்தான் வரும், 100க்கு மேல போனாத்தான் கும்பங்கள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு அடுக்கி நிக்கும். அந்த லென்ஸ் நானூறு கிராம்கூட இல்லை. வைச்சிட்டுப் போறதெண்டா 50ஐ வைச்சிட்டுப் போகலாம்.

சல்லிக்காரன்:

கோபுரத்துக்கு என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 50ஐ விடவேண்டாம். 18-55 ஐம்பதில் எஃப்/5.6க்குப் போய்விடும். 50 எம்எம் 1.8 அதைவிட மூன்று ஸ்டொப்புக்கு மேல் வெளிச்சம் வாங்கும், இரவு ஒழுங்கைக்குள் முக்காலி இல்லாமல் ஆட்களை எடுக்க வேறு வழி இல்லை. மூன்றையும் கொண்டுபோய், வெளியே கிளம்பும்போது இரண்டை மட்டும் தோளில் போடுங்கள்.

உவர்மலைத் தம்பி:

பெரிய உபகாரம். அப்ப மூண்டு லென்ஸும் வருது. என்டி ஃபில்டரும் போலரைசரும் தேவையா? ஒடுங்கின ஒழுங்கையில கட்டடம் எல்லாம் பின்னுக்குச் சாயுற மாதிரி வருமே, அதை லைட்ரூம் மென்பொருளில நிமித்தினாச் சரியா?

பெரியகடை மாமா:

நிமிர்த்துவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லைட்ரூமில் தானாக நிமிர்த்துகிற பொத்தானை வெனிஸ் படங்களில் அழுத்தாதீர்கள். அந்த ஊரில் கோபுரங்களே உண்மையில் சாய்ந்து நிற்கின்றன. சாந்தோ ஸ்தேஃபனோ கோபுரம், கிரேக்கக் கோயிலான சான் ஜோர்ஜோ தெய் கிரேச்சியின் கோபுரம், புரானோத் தீவின் சான் மார்த்தினோ கோபுரம், மூன்றும் கண்ணுக்குத் தெரியச் சரிந்தவை. மென்பொருள் அந்தக் கோபுரத்தைச் செங்குத்தாக்கப் பார்த்து மற்ற வீடுகளையெல்லாம் சரித்துவிடும். புரானோவில் எடுத்த படங்களில் கோபுரம் நேராகவும் வீடுகள் குடிகாரனைப் போலவும் நிற்பது இதனால்தான். கையால் கோடு போட்டு நிமிர்த்துகிற முறையைப் பயன்படுத்துங்கள். கோட்டை வீட்டு மூலையில் அல்லது யன்னல் சட்டத்தில் போடுங்கள். அங்கே சுவர்களும் தாழ்ந்து வளைந்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று யன்னல்களைப் பார்த்து நடுத்தரமாக எடுப்பது நல்லது.

எடுக்கும்போதே கமராவை மட்டமாகப் பிடித்து, கீழே வேண்டாத கல் தளம் வந்தாலும் பரவாயில்லை என்று விட்டு, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். அண்ணாந்து எடுத்தால் நிமிர்த்தும்போது படத்தின் இரு பக்கத்திலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும், அதற்கு இடம் விட்டு எடுக்கவேண்டும். இதைப் பழக நகரத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோயில் கோபுரத்துக்கு எதிரே றோட்டின் மறுபக்கம் நின்று 18இல் மட்டமாகப் பிடித்து ஒரு படம், அண்ணாந்து ஒரு படம். இரண்டையும் வீட்டில் நிமிர்த்திப் பாருங்கள். எவ்வளவு வீணாகிறது என்று ஒரு தரத்திலேயே விளங்கும்.

போலரைசர்: கால்வாய் ஊரில் பெரும்பாலும் கழற்றியே வைத்திருங்கள். அது தண்ணீரின் பளபளப்பை வெட்டும், நீங்கள் போவதே அந்தப் பளபளப்புக்குத்தான். ஒன்றரை இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தையும் தின்னும், நவம்பரில் அதற்கு வசதி இல்லை. மழை பெய்து நனைந்த கல் தளத்தின் வெள்ளைப் பளிச்சைக் குறைக்க மட்டும் போடலாம். புரானோவின் நிறச் சுவர்களுக்கு மப்பு வெளிச்சமே போதும். மப்பு நாளைப் பார்த்தே அங்கே போங்கள். ஃபொண்டமெந்தே நோவேயிலிருந்து 12ஆம் இலக்கப் படகு, முக்கால் மணித்தியாலம் வரை. வெயில் நாளில் அந்த ஒழுங்கைகளில் ஒரு பக்கம் எரிந்தும் மறுபக்கம் இருண்டும் போகும். அவை ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். வாசற்படியில் ஏறி நிற்பதையும் யன்னலுக்குள் லென்ஸை நீட்டுவதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

என்டி: விடியற்காலையில் வேண்டாம். 7 மணிக்கு எஃப்/11, ஐஎஸ்ஓ 100 வைத்தாலே செக்கன் கணக்கில் வரும். சூரியன் வந்தபிறகு 1/8 வருகிற இடத்தில் 6 ஸ்டொப் போட்டால் 8 செக்கன். கட்டியிருக்கும் கொண்டோலாக்களை எடுப்பதில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: முழுக்க உறையவேண்டுமா, முழுக்க ஆடிக் கலையவேண்டுமா. 1/125க்கு மேல் உறையும். 8 செக்கனுக்கு மேல் கம்பங்கள் கூர்மையாகவும் படகுகள் புகையாகவும் வரும். அரைச் செக்கன், ஒரு செக்கன் எல்லாம் பார்க்கிறவனுக்குக் கை ஆடிவிட்டது என்றுதான் தோன்றும்.

பாலையூற்று அக்கா:

மாமா சொன்னதோட நான் முந்திச் சொன்னதில ஒரு திருத்தம், மன்னிக்கவேணும். தம்பி நிக்கிற நாளில அக்கடேமியா பாலத்துக் காட்சி வழமை மாதிரி இராது. நவம்பர் 21 சாலூட்டேத் திருநாள். 1630-31 கொள்ளைநோய்க்கு நேந்துகொண்டு கட்டினதுதான் அந்தக் கோயில். எங்கட ஆக்கள் அம்மனுக்கு நேத்தி வைக்கிற மாதிரி எண்டு வையுங்கோவன். 1631இல தொடங்கி 1687இல திருநிலைப்படுத்தினவை, கட்டினவர் பல்தஸ்ஸாரே லொங்ஹேனா. அண்டைக்குச் சனம் நடந்து போய் மெழுகுதிரி கொளுத்துறதுக்கெண்டு பெரிய கால்வாய்க்குக் குறுக்க ஒரு தற்காலிகப் பாலம் போடுவினம், சாந்தா மரியா தெல் ஜீலியோ பக்கத்தில இருந்து. அது அக்கடேமியாவுக்கும் சாலூட்டேக்கும் நடுவில வரும். சில நாள் முந்தியே போட்டிருப்பினம். அதால நீங்கள் போற மூண்டு நாளும் அந்தப் பேர்போன காட்சிக்குக் குறுக்க ஒரு பாலம் கிடக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு போங்கோ.

இதைக் குறையா எடுக்காதேங்கோ. வருசத்தில மற்ற நாளில ஒருத்தரும் நிக்க ஏலாத இடத்தில, கால்வாய்க்கு நடுவில, சாலூட்டேக்குக் கிட்ட நிண்டு எடுக்கக் கிடைக்கும். பாலம் நடையில அதிரும், அக்கடேமியாவும் மரப்பாலம், அதுவும் அதிரும். ரெண்டிலயும் 10 செக்கன் ஒரு படம் எடுக்கிறதை விட ஒரு செக்கனாப் பத்துப் படம் எடுத்துப் பிறகு ஃபோட்டோஷொப்பில அடுக்கிச் சராசரி எடுங்கோ. ஆள் ஓடின நேரத்துப் படங்களைத் தூக்கி எறியலாம். சனம் நெரியிற நேரம் முக்காலியை விரிச்சா எடுக்கச் சொல்லுவினம், சரியும்கூட. விடியவே போங்கோ, இல்லாட்டி 50 எம்எம் 1.8ஐக் கையில பிடிச்சு ஐஎஸ்ஓ 3200இல எடுங்கோ. மெழுகுதிரிக்கு முன்னால நிக்கிற முகங்களுக்கு வைட் பேலன்ஸை 3000 கெல்வினில வைச்சா மஞ்சள் கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்சம் இருக்கவேணும். ஓட்டோவில விட்டா எல்லாத்தையும் கழுவிப்போடும்.

பயிற்சிக்கு: செப்ரெம்பரில உட்துறைமுக றோட்டில பின்னேரம் நில்லுங்கோ. சூரியன் துறைமுகத்துக்கு அங்கால விழும், கட்டியிருக்கிற வள்ளங்கள் எதிர்வெளிச்சத்தில ஆடும். கொண்டோலாப் படத்துக்கு இதை விடப் பயிற்சி இல்லை. 55-250ஐக் கடற்படைத் தளப் பக்கம் மட்டும் திருப்பாதேங்கோ. கோட்டைக்குள்ள கோணேசர் கோயிலுக்குப் போகேக்கையும் முகாம் கட்டடங்களை விட்டிட்டு மானையும் கடலையும் எடுங்கோ. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், வாகனம் போகேக்க நடைபாதையில ஒரு செக்கன் எக்ஸ்போஷர் எப்பிடிக் கெடுகுது எண்டு பாத்தா அக்கடேமியாவில என்ன நடக்கும் எண்டு விளங்கும். ஒக்டோபர் கடைசிக்குள்ள முடிச்சிடுங்கோ, பிறகு மாரி தொடங்கினா வெளியில இறங்க ஏலாது.

உவர்மலைத் தம்பி:

பாலம் போடுறது எனக்குத் தெரியவே தெரியாது. 21ஐ முழுசா அதுக்கே வைக்கிறன். கடைசியா ஒண்டு: குளிருக்குக் கமராவுக்கு என்ன செய்யவேணும்?

நிலாவெளி:

பகலில 10, 12 பாகை, விடிய 4, 5. கமரா தாங்கும், பற்றரிதான் சோரும். 200டியின்ர எல்பி-இ17 சின்னப் பற்றரி. வியூஃபைண்டரில பாத்து எடுத்தா 650 படம் எண்டு கெனன் சொல்லும், ஸ்கிரீனில பாத்து எடுத்தா அதில பாதியும் வராது, குளிரில இன்னும் குறையும். மொத்தம் மூண்டு வேணும். மேலதிகப் பற்றரியைப் பையில வையாமல் சேட்டுப் பையில, உடம்புச் சூட்டில வையுங்கோ. செத்துப்போச்சு எண்டு காட்டின பற்றரி சூடானாப் பிறகும் முப்பது நாப்பது படம் தரும். விமானத்தில மேலதிகப் பற்றரி கைப்பையில மட்டும்தான் போகலாம். கார்ட் 32 ஜிபி எண்டா ரோவில ஆயிரம் படம் அளவில கொள்ளும். 200டிக்கு ஒரு கார்ட்தான் போடலாம், அதால ஒரு பெரிய கார்டை விட ரெண்டு மூண்டு சின்னன் வைச்சு மத்தியானத்தில மாத்துங்கோ.

வேர்க்கிற விசயம் இங்கத்தைக்குத் தலைகீழ். இங்க ஏசி அறையில இருந்து வெளியில வந்தா லென்ஸ் புகையும். அங்க வெளியில இருந்து சூடான அறைக்குள்ள போனாத்தான் புகையும், கண்ணாடிக்கு மேல மட்டுமில்லை, உள்ளுக்கும். கடைக்குள்ள கோப்பி குடிக்கப் போனாலும் அதேதான். கதவைத் திறக்க முதல், வெளியில நிக்கேக்கையே கமராவை ஸிப் வைச்ச பிளாஸ்ரிக் பைக்குள்ள போட்டுக் காத்தை அமத்தி இறுக்கி மூடுங்கோ. அறைக்குள்ள ஒரு மணித்தியாலம் திறக்கக் கூடாது. படம் பாக்க அவசரம் எண்டா கார்டை வெளியிலேயே கழட்டிப் பொக்கற்றில போட்டிட்டு உள்ளுக்குப் போங்கோ. காலமை மூடுபனி இருந்தா கமராவை பிளஸ் 2/3 இல வைச்சு எடுங்கோ, இல்லாட்டிப் பனி வெள்ளையா வராமல் அழுக்குச் சாம்பலா வரும். ஸிப் பை பெரிய அளவு, 200டியும் 55-250 உம் பூட்டினபடி போகவேணும். ரெண்டு வாங்குங்கோ, ஒண்டு கட்டாயம் கிழியும்.